பன்னிரண்டு பேருக்கு ஒரே கண்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நிஜமான பேச்சு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அந்த ஒன்றைச் சொன்ன பெண்ணுக்கு நான் இப்படியொரு கதை கட்டியிருப்பது தெரியாது. தெரிந்தால் திட்டுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

அது கிடைத்த இடம் அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே கண் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணைக் காட்டப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கினேன். ஒதுங்கியவன் கையில் யாரோ டோக்கனைத் திணித்து, நாற்காலியில் உட்கார வைத்து, அரை மணி கழித்து உள்ளே அனுப்பியும் விட்டார்கள். மணமகள் அறை என்று பலகை மாட்டிய அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தாள். போனின் கேமரா மேல் ஒரு சின்னக் குழல் மாட்டியிருந்தது. அதை என் கண்ணுக்கு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு, தன் காதைப் பார்க்க வேண்டும், லைட்டைப் பார்க்கக் கூடாது, ஆடக் கூடாது என்றாள்.

நான் ஆடினேன். மூன்று முறை ஆடினேன். நான்காவது முறை படம் விழுந்தது. நான் வெட்கப்படுவதைப் பார்த்து அவள் சொன்னதுதான் அந்த ஒரே பேச்சு:

"பரவால்லீங்க. நான் கத்துக்கினப்ப எங்க வீட்டுக்காரரத்தான் பன்னெண்டு தடவ உக்கார வெச்சு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பேரு போட்டு."

அவ்வளவுதான். ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். (சீட்டைப் பற்றிப் பிறகு.) வெளியே வந்து, மழை விடுகிற வரைக்கும் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள், பன்னிரண்டு பெயர். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் பகலில் பத்திரம் எழுதுகிறவன். கீழ்பென்னாத்தூரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் எனக்கு ஒரு மேஜை உண்டு. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே ஓடை, வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் கிணறு என்று நான்கெல்லை எழுதுவதுதான் பிழைப்பு. எல்லை இல்லாத பத்திரம் செல்லாது. கதையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதற்காகத்தான் கதை எழுத வந்தேன். வந்த இடத்தில் என்ன ஆனது என்று பாருங்கள்.

2.

முதல் வரி நான்கு எழுதினேன். நான்கையும் காட்டிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

முதலாவது: *மலையின் மேல் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில்* [நிறுத்தினேன். திருவண்ணாமலையில் பேனா பிடித்த எல்லோரும் மலையில்தான் ஆரம்பிக்கிறோம். மலை எங்கேயும் போகாது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.]

இரண்டாவது: *கண்ணின் பின்சுவரில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு அங்கேதான் கிளம்புகிறது. வட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். குழி சிறிதாக இருந்தால் நல்லது. அது பெரிதாகிக்கொண்டே போனால் நரம்பு தேய்கிறது என்று அர்த்தம். தேய்ந்தது திரும்ப வராது. மீதியிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.* [இது பாடப்புத்தகம். ஆனால் அடித்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.]

மூன்றாவது: *பூஜா தன் கணவனை நேசித்தாள்.* [யாருக்கு வேண்டும் இந்த வாக்கியம்? அது போக, அவள் பெயர் பூஜா இல்லை என்று எழுதின உடனேயே தெரிந்துவிட்டது.]

நான்காவது வரியில் போன் அடித்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

3.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அதீபாவுக்கு போன் வந்தது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காபிக் கடைக்கு மாடியில் இருந்தது அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளையின் அறை. எட்டு மாதமாக அவள் ஊர் ஊராகப் போய் செல்போனில் கண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படங்கள் எல்லாம் சென்னைக்குப் போகும். அங்கே கண் நரம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவற்றை அளந்து பார்ப்பார்கள். பேசியது அந்த ஆராய்ச்சியில் இருக்கும் டாக்டர் கீர்த்தனா.

"அதீபா, ஒரு முக்கியமான விஷயம். உங்க ஏரியால பன்னெண்டு பேருக்கு இடது கண் நரம்பு மோசமா தேஞ்சிருக்கு. வலது கண்ல இப்பதான் ஆரம்பம். பன்னெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே அளவு. இப்படி நான் பார்த்ததே இல்ல. சொந்தக்காரங்களா இருப்பாங்களோன்னு தோணுது."

"அப்படிங்களா மேடம்?"

"லிஸ்ட் அனுப்பறேன். திங்கக்கிழமை நானே வரேன். பன்னெண்டு பேரையும் ஒரே இடத்துல உட்கார வைக்க முடியுமா? அவங்களுக்கு உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும். லேட் பண்ணா இருக்கறதும் போயிடும்."

அதீபா சரி என்றாள். பட்டியல் வந்தது. திறந்தாள்.

*காசி, 58, கீழ்பென்னாத்தூர், கடலை வியாபாரம்.*

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று புரிவதற்குள் அடுத்த பெயரையும் படித்துவிட்டாள்.

*வெள்ளையம்மாள், 63, நடவு வேலை.* துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, குரலை இழுத்து, "எம்மா, ஊசி கீசி போடுவியா?" என்று கேட்ட வெள்ளையம்மாள். *சுப்பிரமணி, 49, காபிக் கடை.* வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பேசிப் பேசிக் கண் எரிகிறது என்று முறையிட்ட சுப்பிரமணி. *வல்லரசு, 22.* இருபத்திரண்டு என்று போட்டால் போன் நம்பாது என்று அவள் சொன்னதற்கு, "போனு நம்பாட்டி போவுது, நீ நம்பு" என்று சொன்ன வல்லரசு.

சிரித்துக்கொண்டேதான் ஐந்தாவது பெயருக்கு வந்தாள். ஐந்தாவது பெயரில் சிரிப்பு நின்றது. மேலே போய், பட்டியலின் தலைப்பை மறுபடி படித்தாள்: கண் நரம்பு தேய்ந்தவர்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் உலகத்தில் இல்லை. அவர்கள் எல்லோரும் அவள் கணவன் ஜியாவுல்லா.

4.

ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். கண்ணின் உள்ளே ரத்தக் குழாய்கள் ஓடும் விதம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. படத்தைப் பார்த்தால் ஒரே கண் என்று டாக்டருக்குத் தெரியாதா?

தெரியும். கணினி அளந்து கொடுத்த எண்களைத்தான் கீர்த்தனா இதுவரை பார்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களை எடுத்து வரிசையாக வைத்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுவாள். ஆக அதீபாவுக்கு இருக்கிற நேரம் ரொம்பக் கம்மி.

இனி அந்த வெள்ளிக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். எழுதும்போது எனக்கு சந்தோஷமாக இருந்த பகுதி இது ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்களுக்குப் போகுமுன் பன்னிரண்டு பேரையாவது படம் எடுத்துப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். அதீபா தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். செல்போன் லைட்டில் கண் போய்விடும் என்று ஒருவரும் உட்காரவில்லை. கடைசியில் ஜியாவுல்லாதான் சொன்னான்: "என்ன எடு. எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு, எது வேணுமோ எடுத்துக்கோ."

அவன் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். போகும்போது மளிகை, வரும்போது கடலை மூட்டை. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்குப் பிறகு வண்டி எடுக்க மாட்டான். தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, அவள் ஜன்னலுக்குப் போர்வை கட்டியதும் இருட்டில் வந்து உட்காருவான்.

ஒரே பெயரை இரண்டாம் தரம் போட்டால் போன் ஏற்காது. அதனால்தான் பெயர்கள்.

"இன்னிக்கு நான் யாரு?"

"நீங்களே சொல்லுங்க."

"திரௌபதி. வயசு நாப்பத்தி நாலு. பூக்கடை."

"கண்ணுல இன்னா தொந்தரவு திரௌபதிக்கா?"

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு. எந்த வேஷத்தில் இருந்தாலும், கடைசியில் இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பி ஒரே பதிலைத்தான் சொல்வான்: "பொண்டாட்டி தெரியறா. வேற ஒண்ணும் தெரியல."

*(வீட்டில் அவர்கள் உருதுதான் பேசுவார்கள். எனக்கு உருது தெரியாது. அதனால் தமிழில் பேச வைத்திருக்கிறேன். இது எனக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம்.)*

படிவத்தின் அடியில் "பயிற்சிப் படம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டால் மறுநாள் படம் அழிந்துவிடும், போடாவிட்டால் தங்கும். அதீபா போடவில்லை. அவளுக்கு அந்தப் படங்கள் வேண்டியிருந்தன. பன்னிரண்டிலும் அந்த மஞ்சள் வட்டமும் குழியும் பளிச்சென்று விழுந்திருந்தன. அறக்கட்டளையில் அவளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்த அம்மா தன் சின்ன போனில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்பத் தெளிவா எடுத்திருக்கே" என்று பாராட்டினார். அன்றைக்கே அவள் அந்த இடது கண் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். கேட்டவர்களிடமெல்லாம் சூரியன் என்று சொன்னாள்.

எட்டு மாதமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குழியைத்தான். முதன்முதல் பார்த்த நரம்பு அதுதான் என்பதால், நரம்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர்களில் மற்றவர்களுடைய குழி சின்னதாக இருந்தபோது, தன் கை இன்னும் திருந்தவில்லை என்று தன்னைத்தான் குறை சொன்னாள்.

இப்போது போனை எடுத்தாள். முகப்பில் அந்தப் படம் இருந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

5.

ஜியாவுல்லா விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் பிரதியில் அவன் முரடன்.

*அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜியாவுல்லா தட்டைத் தூக்கி எறிந்* [நிறுத்தினேன். யார் இந்த ஆள்? பன்னிரண்டு வெள்ளிக்கிழமை இருட்டில் உட்கார்ந்து திரௌபதியாகவும் வெள்ளையம்மாளாகவும் ஆகிப் பொண்டாட்டியைச் சிரிக்க வைத்தவன் தட்டை எறிவானா? கதையில் சண்டை வேண்டுமே என்பதற்காக நான் எறிய வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டைத் திரும்ப அவன் முன்னால் வைக்கிறேன்.]

அவன் நல்லவன். அதீபாவின் கஷ்டமும் அதில்தான் இருந்தது. முரடனிடம் சொல்வதற்கு பயம் மட்டும் போதும். இவனிடம் சொல்ல வேண்டுமென்றால், "பன்னெண்டு தடவ உங்க கண்ணுக்குள்ள பாத்தேன், ஒரு தடவகூட எனக்குத் தெரியல" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் வண்டி நிற்கும். பத்தொன்பது வயதிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவான்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை கீர்த்தனா போனிலேயே சொல்லிவிட்டாள்.

மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்த ஒரு வருஷத்தில் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தரம் உடைந்தது. இரண்டு தரமும் அவள் கத்தினாள்.

"கண்ண எங்க வெச்சிக்கினு ஓட்டறீங்க?"

"உம்மேலதான்."

அப்போது அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பு எப்போதும் உருளும். கடைத்தெருவில் நடக்கும்போது, "இந்தப் பக்கம் வா" என்று அவளைத் தன் வலது கைப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்வான். வண்டி போகிற பக்கத்தில் பெண்டாட்டியை நடக்க விடுகிறானே என்று தெருவில் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டதில்லை.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்திக்கொள்கிறேன். நரம்பு தேய்ந்த இடத்தில் இருட்டு தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். காணாமல் போன இடத்தை மூளை சும்மா விடாது. பக்கத்தில் இருப்பதை இழுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். சுவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் சுவர், ரோடு இருந்தால் இன்னும் கொஞ்சம் ரோடு. அந்த இடத்தில் ஒரு சைக்கிள் வந்தால் அதுவும் ரோடாகவே தெரியும். ஓரம் முதலில் போகும், நடு கடைசிவரை தெளிவாக இருக்கும். அதனால்தான் ஆளுக்குத் தெரிவதில்லை. நான்கெல்லை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிலம் அப்படியே இருக்கிறது, எல்லையை மட்டும் யாரோ நகர்த்திக்கொண்டே வருகிறார்கள்.

நான் செய்வதும் அதுதானே? கிடைத்தது ஒரு பேச்சு. அதைச் சுற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டில் ஜன்னல் இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

6.

வியாழக்கிழமை சாயங்காலம் அதீபா என்ன செய்தாள் என்பதற்கு என்னிடம் இரண்டு பாதைகள் இருந்தன. இரண்டையும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன்.

முதல் பாதை சுலபம். சும்மா ஒரு தரம் காட்டலாம் வாங்க என்று சொல்லி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே டாக்டர் சொல்லிவிடுகிறார். அவள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு பேரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள் என்று கீர்த்தனாவிடம் பொய் சொல்லிவிடுகிறாள். [இதில் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள், உலகத்தில் இல்லாத பன்னிரண்டு பேர் மட்டும் ஆராய்ச்சியில் நிரந்தரமாக வாழ்கிறார்கள். பத்திரத்தில் இப்படி எழுதினால் என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.]

இரண்டாவது பாதையில் அவள் இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று நினைக்கிறாள். அடுத்த நாளும் நினைக்கிறாள். *கீழ்பென்னாத்தூர் ரோட்டில், கடலை மூட்டை ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது இடது பக்கத்தில் ஒரு* [மாட்டேன். எழுத மாட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்ததைத் தேடாதீர்கள்.]

அன்றைக்கு அவன் ஆறு மணிக்கு வந்தான். பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். உள்ளே வரும்போது இடது தோள் கதவு நிலையில் லேசாக இடித்தது. அவன் கவனிக்கவில்லை. இத்தனை நாள் அவளும் கவனித்ததில்லை. ஆயிரம் தடவை இடித்திருக்கும்.

"இன்னா, முகம் ஒரு மாதிரி இருக்குது?"

"தலவலிங்க."

"ஜாஸ்தியா?"

"கம்மிதான். நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைடி."

"காலைலயும் எடுக்காதீங்க."

அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். சரி என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

7.

வெள்ளிக்கிழமை அவன் தொழுதுவிட்டு வந்தான். சாப்பிட்டார்கள். அதீபா தண்ணீர்ச் சொம்பை வலது பக்கம் வைத்தாள். அது உருளவில்லை. பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் போர்வையை எடுத்து ஜன்னலில் கட்டினாள்.

"அட," என்றான் ஜியாவுல்லா. எட்டு மாதத்துக்குப் பிறகு மறுபடி விளையாட்டு என்று அவனுக்கு சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இன்னிக்கு நான் யாரு?"

அவள் போனில் குழலை மாட்டினாள். படிவத்தைத் திறந்தாள்.

"மாறன்னு போடு," என்றான். "வயசு எழுவது. மலை சுத்த வந்தவரு, வழி தப்பிட்டாரு."

"வேணாங்க. இன்னிக்கு உங்க பேரு சொல்லுங்க."

"என் பேரா? அதுல இன்னா தமாஷ் இருக்குது?"

"சொல்லுங்க."

இருட்டில் அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் சிரிப்பு இறங்கியது தெரிந்தது.

"ஜியாவுல்லா," என்றான்.

அவள் எழுதினாள். போன் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயரில் இதுவரை யாரும் பதிவாகியிருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று, தொழில் டிரைவர், ஊர் திருவண்ணாமலை. அடுத்த கட்டத்துக்கு வந்தாள். கேட்கத்தான் வேண்டும்.

"கண்ணுல இன்னா தொந்தரவு?"

அந்தப் பழைய பதிலைச் சொல்வான் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை எழுதுவதற்குப் பேனாவைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"ஒரு வருஷமா," என்றான் அவன். "லெஃப்ட் சைடுல நீ வந்து நின்னா தெரியறதில்ல. குரலு கேக்குது, ஆளு தெரியல. அதான் இந்தப் பக்கம் நட, இந்தப் பக்கம் நடன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதான் உள்ள பாத்தியே. பன்னெண்டு தடவ பாத்தே. நல்லா இருக்குதுன்னு போன்லயே வெச்சிக்கின. நீ பாத்து ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டியல், பன்னிரண்டு பெயர், டிக் போடாமல் விட்டது, கீர்த்தனா சொன்னது, திங்கட்கிழமை. தேய்ந்தது வராது என்பதையும் சொன்னாள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

அவன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான். பிறகு, "திரௌபதிக்குமா?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரியவில்லை. "யாருங்க?"

"வெள்ளையம்மாளுக்கும்? பாவம், அந்தம்மா ஊசிக்கே பயப்படும்."

அழுகையிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையை நீட்டி அவள் தலையைத் தடவினான். சரியான இடத்தைத் தேடித்தான் கை வந்தது. நான் அந்த அறையில் இருந்திருந்தால் வெளியே போயிருப்பேன். அதனால் இந்தப் பகுதியை இங்கேயே விடுகிறேன்.

8.

திங்கட்கிழமை பாக்கி.

ஒரு முடிவு வைத்திருந்தேன். கீர்த்தனா முதலில் கோபப்படுகிறாள், பிறகு யோசிக்கிறாள். ஒரே கண்ணை வேறு வேறு நாளில் பன்னிரண்டு தடவை எடுத்தால் இந்தச் செல்போன் எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று கண்டுபிடிக்கிறாள். ஆராய்ச்சிக்கு அது உதவுகிறது. அதீபாவின் வேலையும் தப்புகிறது. நடக்க முடியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதிப் படித்துப் பார்த்தபோது இனிப்பு ஜாஸ்தியாக இருந்தது.

இன்னொன்றில் வேலை போகிறது. இல்லாத ஆட்களைக் கணக்கில் சேர்த்தவளை எந்த ஆராய்ச்சி வைத்துக்கொள்ளும்? அதுவும் நியாயம்தான். அவள் போர்வையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை தேடுகிறாள். அவன் வண்டியை விற்றுவிட்டுக் கடலை மண்டியில் உட்காருகிறான், காசி என்று தானே பெயர் வைத்த ஆளின் தொழிலில். இதை எழுதவும் எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிவது இவ்வளவுதான். அடி அண்ணாமலைக் கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கும். கீர்த்தனாதான் போனில் சொல்லிப் போடச் சொன்னாள். அவள் உள்ளே வரும்போது பதினொன்று காலியாக இருக்கும். ஒன்றில் ஜியாவுல்லா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வலது கைப் பக்கத்தில் அதீபா நின்றுகொண்டிருப்பாள். கீர்த்தனா மணியைப் பார்த்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் எங்க?" என்று கேட்பாள். அதீபா வாயைத் திறப்பாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இப்போது நேரமில்லை.

ஏனென்றால் அந்தச் சீட்டு. மணமகள் அறையில் அந்தப் பெண் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே. இந்தக் கதையின் முதல் குறிப்புகளை அதன் பின்பக்கத்தில்தான் எழுதினேன்: *ஒரு ஆள், பன்னிரண்டு பெயர்*. அஞ்சு வாரமாக அது நோட்டுக்குள் இருக்கிறது. எழுதும்போதெல்லாம் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, முன்பக்கம் திரும்பாதபடி கவனமாக எடுத்து வைத்தேன். இன்றைக்குத் திருப்பினேன். நல்ல கையெழுத்து. *இடது கண் நரம்பு, குழி பெரிது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டவும்.* உடனே என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

அதீபாவை ஒரே நாளில் சொல்ல வைத்த நான், அஞ்சு வாரமாக என் வீட்டுக்காரியிடம் வாய் திறக்கவில்லை.

பஸ் எட்டரைக்கு. அவள் பையோடு வாசலில் நிற்கிறாள். கீழ்பென்னாத்தூரில் பதிவு இருக்கிற நாளில் எங்கே கூப்பிடுகிறேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினோம்.

"இந்தப் பக்கம் வா," என்றேன்.

"ஏன், அந்தப் பக்கம் இன்னா?"

"சொல்றேன். வந்து வலது பக்கம் நட."